வெண்ணெய் அக்காவின் வலது கால்

மற்ற இடங்களில் ஒருவரை 'வெண்ணெய்' என்று கூப்பிட்டால் கைகலப்பு வரும். அந்தப் பேருந்துப் பணிமனையில் மட்டும் அது பட்டம். அதை வாங்கியவர் அங்கே நீளவண்டி ஓட்டும் ஒரே பெண்.

நீளவண்டி என்பது இரண்டு பேருந்துகளை நடுவில் ரப்பர் மடிப்பு வைத்துத் தைத்தது போன்ற ஒரு வாகனம். வளைவில் முன்பாதி திரும்பி முடித்த பிறகுதான் பின்பாதிக்குச் செய்தி போய்ச் சேரும். அப்பேர்ப்பட்ட வண்டியை அக்கா நிறுத்தினால், நின்றுகொண்டு வருகிறவர்கள் கதவு திறந்த பிறகுதான் "அட, வந்தாச்சா?" என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். புதிதாகச் சேரும் ஓட்டுநர்கள் அவரிடம் ரகசியம் கேட்டு வருவார்கள்.

"எல்லாரும் பிரேக்கை மிதிக்கக் கத்துக்கறாங்க. எடுக்கக் கத்துக்கறது இல்ல," என்பார் அக்கா. "வண்டி நிக்கப் போற நேரத்துல கால் முன்பக்கத்தை ஒரு நூல் தூக்கணும். தூக்குனா வண்டி தானா உக்காரும். தூக்கலைன்னா சனம் உக்காரும், அடுத்தவங்க மடியில."

இப்படிப்பட்டவருக்கு முதுகில் ஜவ்வு பிதுங்கியது பேருந்தில் அல்ல. கட்டிலுக்கு அடியில் போன செருப்பை எடுக்கக் குனிந்தபோது. இது அவருடைய கணவருக்குப் பொறுக்கவில்லை. அவர் பகலில் குழாய்க் கடை விற்பனையாளர். மாலையில் அடுக்ககக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செருப்புக்குக் குனிந்து மனைவி படுத்தார் என்று ஒரு செயலாளர் எப்படி வெளியே சொல்வது? "வருஷக்கணக்கா அந்தப் பெரிய வண்டியைத் தூக்கி நிறுத்தின முதுகு சார்," என்று லிஃப்டில் மாட்டியவர்களிடமெல்லாம் சொன்னார். பேருந்தை யாரும் தூக்கி நிறுத்துவதில்லை என்பதை அவர்களும் மரியாதைக்குச் சொல்லவில்லை.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனா நுனியால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இடுப்புக்குக் கீழ ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி, வலது காலுக்குப் போற நரம்பை அழுத்துது. வலிக்கத்தான் செய்யும். ஆனா இப்ப கத்தி வேண்டாம். முக்காவாசிப் பேருக்கு மாத்திரை, பயிற்சி, பொறுமை இதுலயே சில வாரத்துல அடங்கிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கால்ல பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல மாறுதல் தெரிஞ்சாலோ, அன்னைக்கே இங்க வரணும்."

"அவ்வளவுதானா டாக்டர்?" என்றார் கணவர், ஏமாந்துபோன குரலில். இன்னும் கொஞ்சம் பெரிய நோயாக எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது.

டாக்டரின் சொல்லோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்தில் முதுகு விஷயமாக ஏற்கெனவே இரண்டு கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி அக்காவின் அண்ணன். மெத்தைக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு முன்பு இதே இடத்தில் அறுவை நடந்து சுகமானது. சட்டையைத் தூக்கி விரல் நீளத் தழும்பைக் காட்டுவார். கேட்டவர்களுக்கு ஒரு முறை, கேட்காதவர்களுக்கு இரண்டு முறை. அறுத்த டாக்டர் பாதியில் நிறுத்தி, "இவ்வளவு பெரிய ஜவ்வை நான் பார்த்ததே இல்லை," என்று சொன்னாராம். மயக்கத்தில் இருந்தவருக்கு அது எப்படிக் காதில் விழுந்தது என்பதை மட்டும் அவர் விளக்கியதில்லை.

இரண்டாவது கட்சி கணவரின் தம்பி. நீச்சல் குளத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். தண்ணீரில் இறங்கியதில்லை என்றாலும், அந்த வாசலிலேயே நின்று உடம்பைப் பற்றிய சகல ஞானமும் பெற்றவர். அவருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. அறுக்காமலே அடங்கிவிட்டது. அதாவது, பயிற்சி செய்து அவர் அடக்கிவிட்டார். டாக்டர் 'தானாகவே' என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தார். அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா விடுப்பில் இருந்து பயிற்சி செய்தார். குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, பல்லி மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். வலி மெல்ல இடுப்பிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து எங்கோ போய்விட்டது. மறுபடியும் நீளவண்டிச் சாவியை வாங்கினார். தம்பி அன்று முழுக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து, "நம்ம பயிற்சிதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன், "இப்ப போயிருக்கும். நாளைக்கு வரும்," என்றார், ஒரு தங்கைக்குச் சொல்லக்கூடாத அளவு நம்பிக்கையோடு.

வலி வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

ஒரு நாள், பயிற்சி என்று லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறி வீட்டுக் கதவைத் திறந்தபோது, அக்காவின் இடது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. வலது செருப்பு நாலு படி கீழே கிடந்தது. கழன்றது தெரியவே இல்லை. செருப்பு பழசு என்று முடிவு செய்து புதுசு வாங்கினார். புதுசும் படியில் தங்கியது. பிறகு ஒரு காலை, நெரிசலான நிறுத்தம் ஒன்றில், வண்டி நிற்கப்போகிற அந்த நூல் நேரத்தில் கால் முன்பக்கத்தைத் தூக்கினார். அது தூக்கவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் கம்பியில் தோளை இடித்துக்கொண்டு சமாளித்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், "என்னப்பா, இன்னைக்கு வேற ஆளா ஓட்டறாங்க?" என்றது.

அக்காவுக்கு அது முதுகுவலியைவிட வலித்தது. "ரோடு சரியில்ல," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். சாலையில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் போட்ட சாலை.

காலைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாவியை வாங்கிவிடுவார்கள். வாங்கினால் அவர் யார்? செருப்பு எடுக்கக் குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்ட ஒரு பெண்மணி, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் கூட்டினார். இரு கட்சியையும் வைத்து விஷயத்தைச் சுமுகமாக முடிப்பது நோக்கம். தனக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டார். மைக் மட்டும்தான் இல்லை.

"முதல்ல பெரியவங்க பேசட்டும். மச்சான், சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது மாப்ளே," என்று அண்ணன் ஆரம்பித்தபோதே கை சட்டை நுனிக்குப் போனது.

"தழும்பை எல்லாரும் பார்த்தாச்சு மச்சான்," என்றார் தம்பி. "விடுங்க, அது ஓடிப்போயிடாது. அண்ணி வண்டி ஓட்டறாங்களா இல்லையா? அதுதான் பேச்சு. கத்தி வெச்சாங்களா? வைக்கல. முடிஞ்சுது."

"சின்ன மாப்ளே, நீங்க குனிஞ்சு கால் விரலைத் தொட்டுப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

"இப்பவே தொடறேன். நீங்க?"

இரண்டு பெரிய மனிதர்களும் கூடத்து நடுவில் எதிரெதிராக நின்றார்கள். செயலாளர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். அறுத்துக்கொண்டவர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போனார். அறுத்துக்கொள்ளாதவர் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டார். இருவருக்கும் தரை ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருந்தது.

"வயிறு தடுக்குது," என்றார் தம்பி குனிந்தபடியே. "முதுகு இல்ல. வயிறு. அதைக் குறிச்சுக்கோங்க."

"நிமிர முடியுதா தம்பி?" என்றார் அக்கா.

"ஒரு நிமிஷம் அண்ணி."

கணவர் அவரை இடுப்பில் கைகொடுத்து நிமிர்த்தினார். நிமிர்ந்ததும் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "என்னை விடுங்க. அண்ணியைப் பாருங்க. நாளைக்கு என் ரெண்டு பிள்ளைங்களையும் அண்ணி வண்டியிலதான் ஏத்தி விடப்போறேன். நின்னுக்கிட்டே போகட்டும், கம்பியைக்கூடப் பிடிக்க வேணாம்னு சொல்லியிருக்கேன். அப்பேர்ப்பட்ட ஓட்டம்."

அக்கா அந்த மூன்று பேரையும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"முதுகைப் பத்திப் பேசினது போதும். காலைப் பாருங்க."

கூடத்து நடுவில் போய், குதிகால்களில் நின்றார். இடது பாதத்தின் முன்பக்கம் தரையை விட்டு எழுந்தது. வலது பாதம், கேட்காத பிள்ளை மாதிரி, தரையோடு ஒட்டிக்கிடந்தது. அக்கா பல்லைக் கடித்தார். பெருவிரல் ஒரு துளி அசைந்து அடங்கியது.

"எத்தனை நாளா?" என்றார் கணவர். குரலில் செயலாளர் இல்லை.

"நாளாச்சு. அன்னைக்கு ஒரு நிறுத்தத்துல குலுக்கிட்டேன். ஒரு கைக்குழந்தை இருந்துச்சு."

அண்ணன் வென்றிருந்தார். அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி. ஆனால் அவர் தங்கையின் காலையே பார்த்துக்கொண்டு, தூக்கிய சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தம்பி, "அண்ணி, நான் பிள்ளைங்ககிட்ட..." என்று ஏதோ தொடங்கி நிறுத்திவிட்டார்.

அக்கா அங்கேயே நின்று பணிமனை மேலாளருக்குப் போன் செய்தார். "சார், நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆள் போடுங்க. வலது கால் சொன்ன பேச்சு கேக்கல. இல்ல சார், வலி இல்ல. வலி இருந்தா ஓட்டிடுவேன்."

சொல்லி முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுவதையும் குடித்தார்.

மறுநாள் டாக்டர் அறைக்குள் நால்வரும் நுழைந்தார்கள். டாக்டர் மூன்று ஆண்களையும் பார்த்தார்.

"இதுல யாருக்கு முதுகு?"

"எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி இருந்துச்சு டாக்டர்," என்று அண்ணன் தழும்பை நோக்கிக் கை நீட்டினார்.

"ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

டாக்டர் அக்காவின் பெருவிரலை அமுக்கிப் பிடித்தார். "தூக்குங்க. நான் தடுக்கறேன்." அவர் தடுக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அன்னைக்கே வரச் சொல்லியிருந்தேன்."

"வரல. என் தப்பு."

"சரி. இப்ப பேச்சு வேற. வலிக்காக மட்டும்னா இன்னமும் கத்தி வேண்டாம்னுதான் சொல்வேன். பயிற்சி செஞ்சது வீண் இல்ல, அதுதான் அப்ப சரி. இப்ப நரம்பு பலம் இழக்குது. ஜவ்வை எடுத்தா அழுத்தம் போகும், பலம் திரும்ப நல்ல வாய்ப்பு. முழுசா வரும்னு எழுதித் தரமாட்டேன். சிலருக்கு மறுபடி பிதுங்கும், சிலருக்குப் புண்ணுல சீழ் வைக்கும். எல்லாம் கொஞ்சம் பேருக்குத்தான், ஆனா உண்டு."

"செய்யலைன்னா?"

"சிலருக்குத் தானா திரும்பும். சிலருக்குத் திரும்பாது. நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. நடக்கறதுக்குக் கால்ல ஒரு பட்டை போட்டுக்கலாம், காலம் ஓடிடும்."

அக்கா யோசித்தார். கணவர் வாயைத் திறந்தார். பிறகு அவராகவே மூடிக்கொண்டார். அவருடைய பொதுவாழ்க்கையில் அது முதல் முறை.

"எனக்கு நடக்கற கால் போதாது டாக்டர்," என்றார் அக்கா. "நிறுத்தற கால் வேணும். பண்ணிடுங்க."

அறுவை நடந்தது. ஜவ்வு நடுத்தர அளவுதான் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் அதைக் கேட்டு வெளிப்படையாகவே நிம்மதி அடைந்தார். குடும்பச் சாதனை அவரிடமே இருந்தது. பிறகு பல்லிப் பயிற்சி மறுபடியும், பெருவிரலில் ரப்பர் பட்டை மாட்டி இழுக்கும் பயிற்சி புதிதாக. தம்பி தினமும் வந்து நின்று எண்ணினார். எண்ணுவதில் அவர் தவறு செய்தால் அண்ணன் திருத்தினார். செருப்பு காலோடு மேலே வர ஆரம்பித்தது. குதிகாலில் நின்றால் வலது பாதம் எழுந்தது. இடது அளவுக்கு இல்லை, ஆனால் எழுந்தது.

பணிமனையில் மறுசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். சோதிக்க வந்தவர் பயிற்சி அதிகாரி. கழுத்தில் விசில், சட்டைப்பையில் மூன்று பேனா. முன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, காலியான நீளவண்டியை மைதானத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். வரைந்திருந்த கோட்டில் நிறுத்தச் சொன்னார். ஒரு பேனாவை எடுத்தார்.

"பாஸ். நான் சோதிச்சுப் பார்த்த ஓட்டுநருங்க ஆயிரம் பேர் இருப்பாங்கம்மா. உக்காந்த இடத்துலயே சொல்லிடுவேன்."

"அதான் சார் தப்பு. உக்காந்த இடத்துல தெரியாது. எந்திரிங்க."

"என்ன?"

"எந்திரிச்சு நடுவுல நில்லுங்க. கம்பியைப் பிடிக்காம."

"நான் அதிகாரிம்மா."

"நிக்கற அதிகாரியா ஒரு ரவுண்டு வாங்க சார்."

பணிமனையே வாசலில் கூடிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. ரப்பர் மடிப்புக்குப் பக்கத்தில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்வையிட வந்தவர் போல நின்றார். வண்டி சுற்றியது. கோடு வந்தது. அக்கா மிதித்தார், நிற்கப்போகும் நேரத்தில் தூக்கினார். கால் தூக்கியது. ஒரு நூல் அல்ல, முக்கால் நூல். அதிகாரியின் விசில் நெஞ்சில் இங்கும் அங்கும் ஆடியது. அவர் அரை அடி முன்னால் தள்ளாடிக் கம்பியைப் பிடித்தார்.

அக்கா இருக்கையில் திரும்பி அவரைப் பார்த்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா?"

தோற்றதை இவ்வளவு பெருமையாகச் சொன்ன ஒருவரை அதிகாரி அந்த ஆயிரம் பேரில் பார்த்ததில்லை.

"இது ரொம்பச் சின்னக் குலுக்கல்மா. மத்தவங்க தினமும் இதைவிட..."

"மத்தவங்களுக்கு அது போதும் சார். பாஸுன்னு எழுதினதை அடிச்சுட்டு அடுத்த மாசம்னு போடுங்க. கால் வந்துக்கிட்டு இருக்கு, இன்னும் கொஞ்சம் பாக்கி." சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். "அப்ப நீங்க ஒருத்தர் போதாது. இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க, நிக்கறதுக்கு."

அதிகாரி ஒரு கையால் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி நின்று வெகுநேரம் ஆகியும், இன்னொரு கை கம்பியை விடவில்லை.