தரையில் படுத்த கரடி

பிகின் ஆற்றுக்கு மேலே, எங்கள் உதேகே மக்களின் வேட்டைக்காட்டில் ஜோயா கெயோங்காவுக்கு ஒரு பங்கு உண்டு. குளிர்காலம் முழுக்க அங்கேதான் கண்ணி வைப்பாள். அவள் தம்பி ரொதியோனுக்கு வேட்டையில் மனம் ஒட்டவில்லை; மரம் வெட்டும் கம்பெனியில் டிராக்டர் ஓட்டினான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பனி வண்டி மக்கர் பண்ண, தம்பியின் வண்டியில் அவனோடு கண்ணி பார்க்கப் போனாள்.

புதிதாகப் போட்ட லாரிப் பாதையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓரத்தில் ஒரு பெரிய பாப்ளர் மரத்தின் அடிக்கட்டை. நடுவே ஆள் இறங்கி நிற்கலாம் போல வெறும் பொந்து.

"இதை யாருடா சாய்ச்சது?"

"பனிக்கு முன்னாடி ரம்பம் போட்டது வேற ஆளு. இழுத்துப் போட்டது நான். உள்ள ஒண்ணுமே இல்லக்கா, பலகைக்குக்கூட ஆகாது. பாதையை மறிச்சிக்கிட்டு நின்னுச்சு."

"ஒரு பெட்டைக் கரடி வருஷா வருஷம் இதோட உச்சி ஓட்டை வழியா உள்ள இறங்கித் தூங்கும். குட்டி போடுறதும் அங்கதான். இப்ப அது எங்க போயிருக்கும்?"

"கபரோவ்ஸ்க் டவுன்ல வாடகைக்கு வீடு பார்த்திருக்கும்."

"உனக்கு வாய் மட்டும் குறைச்சலில்ல," என்றாள் ஜோயா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த கண்ணிக்கு நடந்துதான் போக வேண்டும். மேட்டில் ஏறியதும் முன்னால் போன ரொதியோன் அப்படியே நின்றான்.

காற்றில் வேரோடு சாய்ந்த பைன் மரம் ஒன்று. அதன் வேருக்கடியில் ஒரு பள்ளம். அதில் காய்ந்த புல்லும் ஒடித்த சிறு கிளைகளும் போட்டுச் செய்த படுக்கை. சுற்றிலும் பனி சிவந்து கிடந்தது. கறுப்பு மயிர் கொத்துக் கொத்தாய். தனியாக ஒரு முன்னங்கால். பனியில் தட்டு அகலத்துக்குப் புலியின் தடங்கள். எங்கள் பேச்சில் புலிக்கு அம்பா என்று பெயர்.

புலி அடித்த பன்றியை, மானை ஜோயா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததும் வேரைப் பிடித்துக்கொண்டாள்.

"தரையில படுத்திருக்குடா. மரத்துக்குள்ள இருந்தா அம்பாவால எட்டவே முடியாது. ஏறப் பொந்து மரமில்லாம தரையில வந்து படுத்திருக்கு."

படுக்கைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம். ரொதியோன் மண்டியிட்டுக் கிளைகளை விலக்கினான். உள்ளங்கை அளவில், கண் திறக்காத ஒரு குட்டி. கோட்டின் பொத்தானைக் கழற்றிக் குட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

ஜோயா காட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்பா, உன் பங்கை நாங்க தொடல. போயிடுறோம்."

வழியெல்லாம் குட்டி அவன் நெஞ்சைத் துழாவிக்கொண்டே வந்தது. ஊர் எல்லையில் அந்தத் துழாவலும் மூச்சும் நின்றுவிட்டதை அவன் உணர்ந்தான், அக்காவிடம் சொல்லவில்லை. ஜோயா ஆட்டுப்பாலைச் சூடாக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அந்தக் குளிரில் கோட்டைத் திறந்து போட்டபடி முற்றத்தில் நின்றிருந்தான்.

மறுநாள் வேலையில் இன்னொரு பாப்ளர் குறுக்கே வந்தது. ரொதியோன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கோடரியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டினான்.

"என்னப்பா, வீட்டுல யாரும் இல்லையா?" என்றார் மேஸ்திரி லவ்ரென்தி. ஆட்கள் சிரித்தார்கள்.

மறுபடி தட்டினான். உள்ளே நகம் பிறாண்டும் ஓசை. மரத்தூள் உதிர்ந்தது. வெகு உயரத்தில், ஓட்டையின் விளிம்பில், ஒரு கறுத்த மூக்கு நீண்டது.

ரம்பக்காரன் ரம்பத்தை மெல்லப் பனியில் வைத்தான். மேஸ்திரி வெகு நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாதையை வளைச்சுப் போடுங்க," என்று முணுமுணுத்தார். ரொதியோன் சாவியை ஆட்களிடம் நீட்டினான். வேறொருவன்தான் டிராக்டரை எடுத்தான்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னான்.

"வெளிய வந்துடுச்சா?"

"இல்லக்கா. பார்த்துட்டு உள்ள போயிடுச்சு."

"இதுக்கு முன்னாடி பொந்து மரம் எத்தனைடா சாய்ச்சீங்க?"

"எண்ணினதே இல்லக்கா," என்றான் ரொதியோன்.