இடது கைப் பட்டன்

மண்ணூர்பேட்டையில் அருள் வேலை பார்த்த பட்டறையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்று வலது கைக்கு, மற்றொன்று இடது கைக்கு. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் மாட்டாது. அருளோ இடது பட்டனில் மடித்த அட்டையைச் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்து வைத்திருந்தான். இடது கை அவனுக்குப் போனுக்கு வேண்டியிருந்தது.

ஒரே ஒரு ஆஃபருக்காகத்தான் முதலில் செருகினான். பிறகு எடுக்க மனம் வரவில்லை. தகடு வைப்பான், வலது பட்டனைத் தட்டுவான், இடது பெருவிரலால் திரையைத் தள்ளுவான். ஏதோ ஒரு நாட்டுக் காருக்கான கிளாம்ப் கூடையில் விழும். ஏதோ ஒரு நாட்டுச் சட்டை திரையில் ஓடும். வாங்கிய பார்சல்கள் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் கிடந்தன.

"இன்னா மாமே, வாட்ச்சா?" என்றான் பக்கத்து மெஷின் வேம்புலி. "ஏற்கனவே மூணு கீதே. கால்ல கட்டிக்கப் போறியா?"

"இரு மச்சான். கடைசி பீஸுன்னு காட்டுறான்."

"அவன் தெனமும்தான் காட்டுறான்."

மெஷின் அதிர்ந்ததில், ஓரத்தில் சாய்த்திருந்த போன் வழுக்கி அச்சின் மேல் விழுந்தது. அருளின் இடது கை அதன் பின்னால் போனது. வலது கை, பழக்க தோஷத்தில், பட்டனைத் தட்டிவிட்டது.

வேம்புலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இருவரும் தரையில் விழுந்தார்கள். மேலே பிரஸ் இறங்கி ஏறியது. போன் பாதி தகடாகியிருந்தது.

அருள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். எல்லாம் மடங்கின. எழுந்து மெஷினை நிறுத்தி, அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டான். வேம்புலி நசுங்கிய போனிலிருந்து சிம்மை உருவி அவன் சட்டைப் பையில் போட்டான்.

சாயங்காலம் பட்டறை கேட்டில் டெலிவரிப் பையன் நின்றான். போன வாரம் ஆர்டர் போட்டிருந்த ஷூ.

"ஓடிபி சொல்லுண்ணா."

"போன் நசுங்கிடுச்சுப்பா."

"சிம் கீதில்ல? என் போன்ல போடு, வந்துடும்."

சிம் சட்டைப் பையில்தான் இருந்தது, கீறல்கூட இல்லாமல். அருள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தான். மீண்டும் பைக்குள் போட்டான்.

"வாணாம்பா. ரிட்டன் போட்டுடு."

"நல்ல ஷூண்ணா."

"இருக்கட்டும்."

வீடு திரும்பும்போது வேம்புலியின் வண்டி பாடியில் உள்ள மேம்பாலத்தில் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த அருள் நண்பனின் தோளைப் பிடித்திருந்தான். பெருவிரல் தானாகவே மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மாமே, என் முதுக தள்ளித் தள்ளிப் பாக்குற? அங்க ஆஃபர் ஒண்ணும் கெடயாது."

அருள் சிரித்துவிட்டான். விரலை மடக்கிக்கொண்டு, பாலத்துக்குக் கீழே வரிசையாகப் போகும் லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தான்.