குறுக்குக் காற்று

எங்கள் அலுவலகத்தில் அவசர விமானம் கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பவன் நான். என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று எல்லோரும் கேலி செய்வார்கள். ஒரு விஷயத்துக்கு மட்டும் உண்டு. நோயாளி யார், என்ன ஆபத்து என்று பயணத்தைத் திட்டமிடுகிறவரிடம் மூச்சு விடக்கூடாது. அவர் இரக்கப்பட்டு மோசமான வானிலையில் அனுப்பிவிட்டால்? விமானிகளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

திட்டமிடுகிறவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேலை நேரத்தில் கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். முடியாது என்று முடிவானால், வீட்டாரிடம் தானே சொல்வார். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அன்று மதியம் தீவிலிருந்து அழைப்பு. எடுத்ததுமே குரல் தெரிந்துவிட்டது. அக்காவின் கணவர்.

"தம்பி, பையன் மாடியிலேர்ந்து விழுந்துட்டான். தலையில அடி. ராத்திரிக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம், இங்க வசதியில்ல. அவ போனையே எடுக்க மாட்டேங்கிறா."

"லைன்லயே இருங்க" என்றேன். அக்காவுக்குப் பதில் உட்கார அன்று வேறு ஆள் இல்லை. அவர் மேசைக்குப் போய், "தீவுக்கு ஒரு விமானம் வேணுமாம்க்கா, அவசரம்" என்று மட்டும் சொன்னேன்.

வானிலையைப் பார்த்தார். எரிபொருளைக் கணக்குப் போட்டார். விமானியிடம் பேசினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"காத்து ஓடுபாதைக்குக் குறுக்கா அடிக்குது. இறங்கவே முடியாது. என் வீட்டுக்காரரும் பையனும் லீவுக்கு அங்கதானே போயிருக்காங்க, காலையில பேசறப்பவே கதவைச் சாத்த முடியலைன்னார். இந்தக் காத்துல மாடிப் பக்கம் போகாதேடான்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"இன்னொரு தடவை பாருங்கக்கா."

"என்னடா முகம் இப்படிப் போச்சு? எதையும் உளறிடாதே. கேட்டா என் கணக்கு தப்பிடும்."

இந்த விதியைப் போட்டவன் அப்போது கையில் கிடைத்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். ஆனால் அக்கா மறுபடியும் பார்த்தார், எனக்காக. காற்று கூடியிருந்தது.

"முடியாது. விடிஞ்சப்புறம்தான்."

முடிவாகிவிட்டது. இனி சொல்லலாம். வாயைத் திறந்தேன். என் வாய், அந்தப் பூட்டில்லாத வாய், ஒரு சொல்லும் தரவில்லை. அதற்குள் தொலைபேசியில் காத்திருக்கும் அழைப்பின் விளக்கு மினுங்குவதை அக்கா பார்த்துவிட்டார்.

"லைன்லயா இருக்காங்க? பாவம்டா. குடு, நான் சொல்றேன்."

"அக்கா, வேண்டாம், அது..."

ரிசீவர் காதுக்குப் போய்விட்டது. "வணக்கம். உங்க கஷ்டம் புரியுது. ஆனா இன்னிக்கு விமானம் வராது" என்றார், வழக்கமான அந்த மெல்லிய குரலில்.

அந்தப் பக்கத்தில் அக்காவின் பெயரைச் சொல்லி ஓர் ஆண் அழுவது, எட்டி நின்ற எனக்கே கேட்டது.