பேனரில் இருந்த தாய்மாமன்

என் வீட்டுக்காரர் ராஜ்கமலுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. கையில்தான் போன் இருக்கிறதே. நான் அடுப்படியில் நிற்கும்போதே, ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று போனைக் கேட்பார். பக்கத்தில் நிற்கிற மனுஷியைக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும். சொந்தமாக ஒரு கோடு போட வராது. ஆனால் போனிடம் நாலு வார்த்தை சொல்லிப் படம் வாங்கிவிட்டு, "என் கிரியேட்டிவிட்டி எப்பிடி?" என்று காலரைத் தூக்கிக்கொள்வார்.

எங்கள் பாப்பாவுக்குத் திருவந்திபுரத்தில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் அண்ணன் கலியமூர்த்தி சிதம்பரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முகத்திலும் கழுத்திலும் வெண்புள்ளி. அதனாலேயே பெண் அமையவில்லை. எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் கடையிலேயே இருந்துவிடுவார். இந்தத் தடவை நான் விடாமல் கெஞ்சினேன்.

"சரிம்மா, பாப்பாவுக்காக வரேன். பேனர்லயும் போட்டுக்க. பாக்குறவங்க முன்னாடியே பாத்துக்கட்டும்" என்று சொல்லி, நல்ல வெயிலில் நின்று எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பினார். அதை அனுப்ப அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! பார்த்து அழுதுவிட்டேன்.

அதைக் கொண்டுபோய் என் புத்திசாலியிடம் கொடுத்தேன். என் புத்தியும் அவ்வளவுதான்.

காலையில் மண்டபத்துக்குப் போனால் வாசலில் ஆளுயரப் பேனர். 'தாய்மாமன்' என்ற எழுத்துக்குக் கீழே, சோப்பு விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி பளபளவென்று ஒருத்தன் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

"யாருங்க இது?"

"உங்க அண்ணன்தான். ஏஐ கிட்ட குடுத்து பாப்பாவை மடியில உக்கார வெச்சேன், ஸ்கின்னையும் க்ளீன் பண்ணேன். அவுரு சந்தோஷப்படுவாரு பாரு."

"அவரைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வெண்புள்ளி எப்போது வந்தது, வெயிலில் எரியுமா என்றுகூட. பாப்பாதான் தொட்டுத் தொட்டு, "இது மேகமா மாமா?" என்று கேட்கும். அண்ணனும் பொறுமையாகப் பதில் சொல்வார். உலகத்தையே உள்ளங்கையில் வைத்திருப்பவருக்கு நாலு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற அக்கறைகூட இல்லை.

"முதல்ல அதைக் கழட்டுங்க" என்று நான் சொல்வதற்குள், அண்ணன் சீர்த்தட்டுகளோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தார். பேனர் முன்னால் நின்றார். சொந்தக்காரர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பிடி மச்சான், ஹீரோ மாதிரி இல்ல?" என்று இளித்தார் என் வீட்டுக்காரர்.

"நல்லா இருக்காரு மாப்ள. அவரையே மடியில வெச்சுக்கச் சொல்லுங்க."

தட்டுகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பாப்பாவின் தலையைத் தடவிக் கொடுத்தார். கெடிலம் ஆற்றுப் பாலம் இருக்கும் பக்கமாக நடந்துவிட்டார்.

ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். ராஜ்கமல் குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போடுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

நிமிர்ந்து, "வினோதினி, ஒண்ணும் பிரச்சனை இல்ல. தாய்மாமன் வரலன்னா அப்பா மடியிலயே குத்தலாமாம், போட்டுருக்கு" என்றார்.

பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"உங்க மடியில அந்தப் போனை உக்கார வெச்சு அதுக்குக் குத்துங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணன் போன வழியில் ஓடினேன். அவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினால் குத்தட்டும். இல்லாவிட்டால் என் பெண்ணுக்குத் தோடே வேண்டாம்.