செங்கொடி வாயில் எல்லாம் தேமா

தமிழில் ஃபெயில் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கணக்கில் ஐம்பத்திரண்டு, இங்கிலீஷில்கூட தட்டுத்தடுமாறி முப்பத்தாறு வாங்கிய செங்கொடி, பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் தமிழில் மட்டும் இரண்டு தடவை கோட்டைவிட்டாள். முப்பத்தொன்பது வயதில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினவள். முதல் தடவை இருபத்தொன்பது, அடுத்த தடவை இருபத்தேழு. வியாசர்பாடியில் அவள் குடியிருந்த பிளாக்கில் விஷயம் பரவி, "தமிழ்லயா?" என்று கேட்டுச் சிரிக்காத ஆளே இல்லை.

சிரிக்கிறவர்களுக்கு என்ன, இருமுகிறவள் அவளல்லவா. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் காலிப் பெட்டிகளுக்குள் நுழைந்து பெருக்குவது அவள் வேலை. ஒன்றில் சிமென்ட் இருந்திருக்கும், ஒன்றில் உரம், இன்னொன்றில் பேர் தெரியாத வெள்ளைப் பொடி. பதினோரு வருஷமாக அதெல்லாம் நெஞ்சுக்குள் போயிருந்தது. இனிமேலும் தூசியில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டாலோ சோற்றுக்கு வழியில்லை.

யார்டின் கேட்டில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. வந்துபோகும் லாரிகளின் நம்பரைக் குறித்துக்கொள்ளும் இடம், தூசி வராத இடம். அங்கே உட்கார்ந்திருந்த மகிமா காட்டுப்பள்ளியில் வேறு வேலைக்குப் போகப்போகிறாள். அந்த நாற்காலிக்குப் பத்தாவது பாஸ் வேண்டும். துணைத் தேர்வு முடிவு வரும்வரை ஆள் போடாமல் தள்ளிப்போடுகிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சூப்பர்வைசர் கோதண்டம் சொல்லியிருந்தார்.

மகிமா எம்.ஏ. தமிழ் படித்தவள். ராயபுரத்துப் பெண்தான், ஆனால் வாயைத் திறந்தால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூண்டுக்குள் வைத்துச் சொல்லித்தர அவளே முன்வந்தாள். செங்கொடியின் பழைய கதையைக் கேட்டதுமே நோய் எங்கே என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு தேர்விலும் செய்யுளைப் பிரிக்கச் சொல்லும் கேள்வியில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அழித்து அழித்து எழுதி, கடிதத்தையும் கட்டுரையையும் தொடாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் இந்தப் புண்ணியவதி.

எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி, அப்புறம் தொடை என்று மகிமா அடுக்க அடுக்க செங்கொடிக்குத் தலை கிறுகிறுத்தது. சீர் என்றால் கல்யாணத்துக்குத் தட்டில் வைத்துக் கொண்டுபோவது. அடி என்றால் வாங்குவது. தொடை என்றால் பிரியாணியில் தேடுவது. இதில் பாட்டு எங்கே இருக்கிறது? முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை என்பது மட்டும் ஒருவழியாகப் பிடிபட்டது. அதையும் சோதித்துப் பார்க்க, பழத்துக்குப் பயம் எதுகை என்று எழுதிக் காட்டினாள். மகிமா பெருக்கல் குறி போட்டாள். பயம், பயம், இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது? ஏன் தப்பு என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

பெருங்குழப்பம் தேமா, புளிமாவில் வந்தது. ஒரு தட்டாக விழும் அசை நேர், இரண்டு தட்டாக விழுவது நிரை. நேரும் நேரும் சேர்ந்தால் தேமா. நிரையும் நேரும் சேர்ந்தால் புளிமா. வாய்விட்டுச் சொல்லி மேசையில் தட்டிப் பாருங்கள், தானாகத் தெரியும் என்றாள் மகிமா. செங்கொடியும் பயபக்தியோடு தட்டினாள். நெருப்பு, தேமா. செருப்பு, தேமா. சிரிப்பு, அதுவும் தேமா. மூன்றும் புளிமா என்று மகிமா திருத்தினாள். மறுநாள் அதே வார்த்தைகள், அதே தேமா. பத்து நாள் இப்படியே போயிற்று. பரீட்சைக்கு மூன்று வாரம்கூட இல்லை. மகிமாவுக்கே பொறுமை போய்விட்டது. சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை என்று கடிந்துகொண்டாள்.

செங்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நீ சொன்ன மாரிதாம்மா தட்டிகினுகீறேன்," என்றாள்.

"எங்க, என் எதிர்ல தட்டுங்க."

தட்டினாள். நெர்ப்-பு. செர்ப்-பு. சிர்ப்-பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு விழவேண்டிய இடத்தில் இரண்டே தட்டு.

மகிமா பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க தப்பா சொல்லலக்கா. உங்க வாய்ல அது தேமாதான்."

"அப்பறம் இன்னாத்துக்கு அடிச்சி அடிச்சி வுடற?"

"பேப்பர் திருத்துறவங்க உங்க வாயைக் கேக்க மாட்டாங்க. எழுத்தைத்தான் பாப்பாங்க."

பிறகு மகிமா தன் கதையைச் சொன்னாள். காலேஜில் சேர்ந்த முதல் வாரம் அவளை எழுப்பிப் பாட்டு வாசிக்கச் சொன்னார்களாம். முதல் வரி முடிவதற்குள் வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து ஒரு வருஷம் ஒவ்வொரு வார்த்தையாக வாயை மாற்றிக்கொண்டாள். மாறியது வாய் மட்டுமல்ல. இப்போதெல்லாம் வீட்டில் அவளோடு பேச அவள் அம்மாவே யோசிக்கிறாள் என்று சொல்லிவிட்டு, நின்றிருந்த டிரெய்லரின் நம்பரை எழுதப் போனாள்.

செங்கொடிக்குக் குழப்பம் தீரவில்லை, கூடியது. முப்பத்தொன்பது வருஷமாகப் பேசியது தப்பா, சரியா? சரி என்றால் மார்க் ஏன் இல்லை? தப்பு என்றால் மகிமா ஏன் தப்பில்லை என்கிறாள்? பஸ்ஸில் போகிறபோதும் வருகிறபோதும் இரண்டு விதமாகவும் முணுமுணுத்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள்.

பரீட்சை அன்று, பிரிக்கவேண்டிய அடியில் முதல் சீர் 'குருவி' என்றிருந்தது. உதடு அவளைக் கேட்காமலே "குர்வி" என்றது. பேனா 'தே' என்று எழுதியும்விட்டது. சட்டென்று முந்தானையை எடுத்து வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் விறுவிறுவென்று வந்தார். வாயில் என்ன, பிட்டா, எழுந்திரு என்றார். ஹாலே திரும்பிப் பார்த்தது. செங்கொடி எழுந்து முந்தானையை விலக்கிக் காட்டினாள்.

"ஒண்ணியும் இல்ல சார். என் வாய் எனக்குத் தப்பா சொல்லிக் குடுக்குது. அதான் மூடிகினேன்."

அவர் அவளையும் வெறும் முந்தானையையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். அவள் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு, விரலை எழுத்தின்மேல் வைத்தாள். கு. ரு. வி. நிரை, நேர். 'தே'யை அடித்துவிட்டுப் புளிமா என்று எழுதினாள். யாரையோ காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி நெஞ்சு கனத்தது. ஆனாலும் அந்தக் கேள்வி ஏழே நிமிஷத்தில் முடிந்தது. கடிதம் எழுதினாள், கட்டுரையும் எழுதினாள்.

நாற்பத்து நான்கு மார்க். கோதண்டம் சொன்ன வார்த்தை தவறவில்லை. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்த முதல் நாள், லாரி வராத நேரமாகப் பார்த்து மகிமாவுக்கு போன் போட்டாள். சொல்ல நிறைய இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "நீ செஞ்சது பெரிய உதவி, மகிமா," என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பெ, ரி, ய. காகிதத்தில் இருக்கிற மாதிரியே, ஒரு எழுத்தும் விழுங்காமல். இது எப்போது வாய்க்குள் வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அய்ய, இன்னாக்கா நீ," என்றாள் மகிமா. அவள் அப்படிப் பேசி செங்கொடி ஒருநாளும் கேட்டதில்லை. "என்னாண்டயாவது பெர்யன்னே சொல்லுக்கா."