இடது பக்கத்துச் சத்தம்

சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டியின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஆர்லோவின் மூக்குக்கண்ணாடி மேல் துருத்தூள் கொட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட்டைத் தேய்த்தெடுக்கும் கை கிரைண்டரை நிறுத்திவிட்டு, தேய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மஞ்சள் பெயின்ட், அதற்கு அடியில் ஒரு பழைய ஆரஞ்சு, அதற்கும் அடியில் துரு. எல்லாம் போய் வெறும் இரும்பு வந்திருந்தது.

"தெரியுதா?" கொட்டகைத் தரையில் முட்டிபோட்டு எட்டிப் பார்த்தபடி செல்மர் கேட்டார்.

"இரும்பு தெரியுது. விரிசல் எப்படி இருக்கும்னு எனக்கென்னய்யா தெரியும்? நான் முடி வெட்டறவன்."

"வகிடு மாதிரி இருக்கும்னு வெச்சுக்கோ."

"வழுக்கைத் தலைதான் தெரியுது."

செல்மர் சிரிக்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பார். இருவருமே வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு அறை ஜன்னலில் திரை பாதி ஏறியிருந்தது. அதற்குப் பின்னால், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆர்லோவின் மனைவி வெர்னா படுத்திருந்தாள்.

இந்தக் கிரேடரில்தான் வெர்னா தன் வேலைக்காலம் முழுவதையும் கழித்தாள். கோடையில் சரளைச் சாலைகளைச் சமன் செய்வது, குளிர்காலத்தில் பனியை ஒதுக்குவது. கவுண்டி நிர்வாகத்தின் சாலை வேலையில் கிரேடர் ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தாள். மண்ணை வழிக்கும் பெரிய பிளேடு தரையைப் பலமாகக் கடிக்கும்போது, வண்டி வளைவில் திரும்பினால் மட்டும், இடது பக்கம் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். ஒரே ஒரு 'டக்'. சட்டகத்தில் விரிசல் இருக்கிறது என்று அவள் சொன்னாள். மேற்பார்வையாளர் அது இருக்கைத் திண்டின் சத்தம் என்றார். மெக்கானிக்குகள் படுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். செல்மரும் அவர்களில் ஒருவர். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு அழகாகச் சுற்றிய பரிசுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். பிரித்தால் 'டக் டக்' என்று அடிக்கும் சுவர்க் கடிகாரம். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். கடிகாரத்தைக் கொண்டுவந்து சமையலறையில் மாட்டினாள். மறுநாள் காலை போய் மறுபடியும் புகார் சொன்னாள்.

கிரேடரை ஏலத்துக்கு விட்டபோது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் எடுத்துவந்தாள். ஆர்லோ அன்று சவரக்கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், சோளக்காட்டோரம் அது நின்றிருந்தது.

"இதை வெச்சு என்ன பண்ணப்போறே?"

"பெயின்ட் அடிக்கப்போறேன்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு முன்னாடி பெயின்ட்டைச் சுரண்டணுமில்ல?"

வலது பக்கத்தைத்தான் முதலில் எடுத்தார்கள். சுரண்டி, பிரைமர் அடித்து, போன இலையுதிர் காலத்தில் புது மஞ்சளும் பூசிவிட்டார்கள். ஆர்லோவுக்குத் தூரிகை பிடிக்கும் வேலை. இடது பக்கத்தை வெர்னா வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தாள். தட்டில் பிடித்ததை ஓரமாக ஒதுக்கி வைக்கும் குழந்தை மாதிரி. அதற்குள் கணையத்தில் புற்றுநோய் வந்துவிட்டது.

ஆர்லோ முற்றத்தின் சேற்றைத் தாண்டி வீட்டுக்குள் போனார். பனி உருகும் ஏப்ரல். பூட்ஸைக் கழற்றவே ஒரு பாடு. கட்டிலின் இடது பக்கமாகச் சுற்றிப் போய் உட்கார்ந்தார். வெர்னாவின் வலது காது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே போய்விட்டது. கிரேடரின் புகைக்குழாய் அந்தப் பக்கம் இருந்து இரைந்ததால் வந்த வினை. கல்யாணமாகிப் பாதி வாழ்க்கைக்கு மேல் அவர் அவளுக்கு இடது பக்கத்திலேயே நடந்து, உட்கார்ந்து, தூங்கிப் பழகியிருந்தார்.

"மூஞ்சியைக் கழுவிட்டு வரக்கூடாதா?" அவள் குரல் மெலிந்திருந்தது. கிண்டல் மட்டும் மெலியவில்லை.

"நீதானே உடனே வந்து சொல்லுன்னே."

"சரி, சொல்லு."

"இரும்பு வரைக்கும் வந்தாச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா இத்தனை பேரு பார்த்துட்டுப் போயிருப்பாங்களா?" மூச்சு வாங்கினாள். "செல்மரோட சிவப்புச் சாயத்தைப் போடுங்க."

ஜன்னலோரம் நின்றிருந்த மகள் ஜோலீன் திரும்பினாள். நகரத்திலிருந்து வந்து ஒரு வாரமாகத் தூக்கமில்லை அவளுக்கு. "அம்மா, அந்த மேற்பார்வையாளரே செத்து எத்தனையோ வருஷமாச்சு. கண்டுபிடிச்சு இப்ப யார்கிட்டக் காட்டப்போறே?"

"யாருக்குடி காட்டணும்? எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

செல்மர் சாயத்தோடு தயாராக இருந்தார். முதலில் சிவப்பைத் தெளித்தார். அது விரிசல் எங்கிருந்தாலும் உள்ளே இறங்கிக்கொள்ளுமாம். கொஞ்ச நேரம் விட்டு, துணியால் துளி மிச்சமில்லாமல் துடைத்தார். பிறகு வெள்ளையைத் தெளித்தார். இரும்பு சவர நுரை பூசிய கன்னம் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இறங்கிய சிவப்பை அந்த வெள்ளை மேலே இழுத்துக் காட்ட வேண்டும்.

இருவரும் குப்புறக் கிடக்காத குறையாகக் குனிந்து பார்த்தார்கள். ஆர்லோ தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். இத்தனை வருடம் இந்தச் சத்தம் அவள் விஷயம். கடையில் வாடிக்கையாளர்கள் கேலி பேசினால் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டே இருந்துவிடுவார். அவள் சொல்வது சரியா தப்பா என்று அவராக ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

செல்மர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல, ஆர்லோ." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இருந்துச்சுன்னு சொல்லிடேன். என்ன குறைஞ்சிடப்போவுது?"

ஆர்லோ அதை யோசித்துக்கொண்டேதான் முற்றத்தைக் கடந்தார். பொய் சொல்வது அவருக்குப் புதிதல்ல. 'உங்களுக்கா? முடி கொட்டின மாதிரியே தெரியலையே' என்று எத்தனை தலைகளிடம் சொல்லியிருப்பார். ஆனால் வெர்னா அடுத்த கேள்வி கேட்பாள். எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் ஓடுது, வெல்டிங்கிலிருந்து ஆரம்பிக்குதா, தள்ளி ஆரம்பிக்குதா? அவருக்கு அதற்குமேல் கதைவிடத் தெரியாது.

"வெள்ளை வெளேர்னு இருக்கு," என்றார் அவள் காதருகே. "ஒண்ணுமே வரல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். ஜோலீன் அவரைப் பார்த்து ஏன் சொன்னீர்கள் என்பது போல உதட்டைக் கடித்தாள்.

வெர்னாவின் புருவங்கள் மெல்ல நெருங்கின. ஆர்லோவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கிளம்பாத எஞ்சினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு அவள் நிற்கும்போது வரும் முகம். அதில் வருத்தம் இருந்ததில்லை.

"அப்போ," என்றாள், "அது எங்கேர்ந்து வந்துச்சு?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மதியம் சாய்வதற்குள் மூச்சின் தாளம் மாறியது. ஜோலீன் ஒரு கையையும் ஆர்லோ ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். வெளியே கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரும் என்று காத்திருந்தார்கள். செல்மர் எப்போது வந்து சமையலறை வாசலில் நின்றார் என்று யாருக்கும் தெரியாது. கையில் அழுக்குத் துணியைப் பிழிந்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

இறுதிச்சடங்குக் கூடத்தில் அவளுக்குத் தலைவாரிவிட ஆர்லோ யாரையும் விடவில்லை. சொந்தச் சீப்பும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போனார். பின்கழுத்தில் கொஞ்சம் வளர்ந்திருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தும் சரிசெய்தார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் ஆயிற்று. கவுண்டி ஆட்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். "வெர்னா சமன் பண்ணின ரோட்டுல காப்பி சிந்தாம ஓட்டலாம்" என்றார் ஒருவர். அது பெரிய பாராட்டு என்று ஆர்லோவுக்குத் தெரியும். பாதிப் பேர் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டார்கள், மூடிபோட்ட பாத்திரங்களோடு. உட்கார இடமில்லை.

"அப்பா, கொட்டகையில மடக்கு நாற்காலி இருக்கில்ல? எடுத்துட்டு வாங்களேன்," என்றாள் ஜோலீன்.

நாற்காலிகள் கிரேடரின் வலது பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தன. கதவைத் தள்ளியதும் சாய்ந்த வெயில் உள்ளே விழுந்து புது மஞ்சளின் மேல் நீளமாகப் படர்ந்தது. இரண்டு நாற்காலிகளை இடுக்கிக்கொண்டு திரும்பியவர் நின்றார். சட்டகத்தின் வளைவுக்குக் கீழே, பெயின்ட்டில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

மலிவான தூரிகை வாங்கினால் இப்படித்தான் என்று அவள் போன வருடம் அவரைத் திட்டியிருக்கிறாள். நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு, நகத்தால் அந்த முடியின் நுனியைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. மறுமுனையில் முயன்றார். ஆயுள் முழுக்க முடியோடு புழங்கிய விரல்கள் அவை. முடி இல்லை இது என்று விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. கட்டைவிரலை எச்சில் படுத்தி அதன்மேல் அழுத்தி எடுத்தார். விரலில் பழுப்பாக ஒரு கோடு.

துரு.

அவர் நாற்காலி இல்லாமல் திரும்பி வந்து, கூட்டத்தின் நடுவே செல்மரின் முழங்கையைப் பிடித்தார். செல்மர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

இருவரும் சூட்டு, கோட்டைக் கழற்றக்கூட இல்லை. செல்மர் சுரண்டியை எடுத்து, அவளும் ஆர்லோவும் சேர்ந்து பூசிய மஞ்சளைப் பட்டையாக உரித்தார். பிரைமரையும் உரித்தார். சிவப்பைத் தெளித்தார்கள். காத்திருந்தார்கள். துடைத்தார்கள். வெள்ளையைத் தெளித்தார்கள்.

முதலில் ஒரு புள்ளி. ஆர்லோ அதைத் தூசி என்று நினைத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்குள்ளிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஏறி வந்தது, வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கி, கொஞ்சம் வளைந்து, ஒரு சீப்பு நீளத்துக்கு.

வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"வலது பக்கம்," என்றார் செல்மர் கடைசியில். "அவ எப்பவும் இடதுன்னுதானே சொன்னா? எத்தனை தடவை கேட்டாலும் இடதுதான்."

"வலது காதே இல்லையேய்யா அவளுக்கு. எந்தச் சத்தமும் இடது பக்கந்தானே கேட்கும்."

செல்மர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நானே இந்த வண்டிக்கடியில ரெண்டு தடவை படுத்திருக்கேன், ஆர்லோ. அவ காட்டின பக்கத்தை மட்டுந்தான் பார்த்தேன்."

ஆர்லோ சிவப்புக் கோட்டின் முனையில் விரலை வைத்தார். அவ்வளவு பெரிய இரும்பின் நடுவில் விரிசல் அங்கேயே நின்றுபோயிருந்தது. "இதை என்ன பண்ணணும்?"

"முனையில சின்னதா ஓட்டை போடணும். அப்பத்தான் மேற்கொண்டு ஓடாது. அப்புறம் விரிசல் நெடுக வெட்டி எடுத்து வெல்டிங் வெச்சு, தேய்ச்சு, மேல ஒரு தகடு. வெல்டிங் மிஷினு என் வண்டியிலேயே இருக்கு. நாளைக்கு முடிச்சிடலாம். பிரைமர், மஞ்சள்... அடுத்த வாரம் புதுசாட்டம் இருக்கும்."

"சத்தம்?"

"எங்கேர்ந்து வரும்? ரெண்டு விளிம்பும் உரசறதுதானே சத்தம். மூடிட்டா முடிஞ்சுபோச்சு. இனிமே வரவே வராது."

ஆர்லோ நிமிர்ந்தார். முழங்கால் இரண்டிலும் தூசி.

"அப்போ இப்ப மூடாதே. வண்டி கிளம்புமா?"

"எது, இப்பவா? சூட்டு கோட்டோடயா?"

"கிளம்புமா, கிளம்பாதா?"

எஞ்சின் இருமி, கறுப்பாகத் துப்பி, கொட்டகையே அதிரக் கிளம்பியது. புகை போனதும் ஜோலீன் கறுப்பு உடையில் படியில் நின்று கத்துவது தெரிந்தது. "அப்பா! நாற்காலிதானே கேட்டேன்! கிரேடரா கேட்டேன்?" அவளுக்குப் பின்னால் காகிதத் தட்டுகளோடு கவுண்டி ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

அந்தக் காலத்துக் கிரேடரை நின்றுகொண்டே ஓட்டலாம். செல்மர் நின்றபடி நெம்புகோல்களைப் பிடித்தார். ஆர்லோ அவருக்குப் பின்னால் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்தார். இதுவரை அவர் அதில் உட்கார்ந்ததில்லை. அவர் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. அண்டை வீட்டுத் தானியக் கிடங்குகள், ஏரிக்குப் போகும் சாலை, அவள் போய்வந்த அத்தனையும் அங்கிருந்து தெரிந்தன.

வாசலின் ஈரச் சரளையில் பிளேடு இறங்கிக் கடித்தது. வண்டி முக்கி முனகி வளைந்தது. எஞ்சின் இரைச்சல், கதவுக் கண்ணாடியின் கடகடப்பு, சங்கிலி, கல் உருள்வது, எல்லாம் ஒரே நேரத்தில் அவர் மேல் விழுந்தன. எதற்குள் எதைத் தேடுவது என்று புரியவில்லை. உள்ளங்கையால் வலது காதைப் பொத்திக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

வட்டம் முடிந்ததும் செல்மர் வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். கேட்டதா என்று புருவத்தை உயர்த்தினார்.

ஆர்லோ கண்ணைத் திறக்காமல் விரலைச் சுழற்றிக் காட்டினார், இன்னொரு சுற்று என்று. படியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பிளேடு மறுபடி இறங்கியது. அதற்கு முன்னால் ஈரமண் சுருண்டு சுருண்டு எழுந்து, ஓரமாகப் போய் நீளமாக விழுந்தது.