துடைக்க நேரம்

விடிகிற நேரத்திலேயே கிடங்கின் குளிர் அறையில் உறைந்த மீன்பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டாள் அக்கா. பெட்டி விளிம்பு கையுறையைத் தாண்டிக் கடித்தது. அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்து அப்படிக் கூப்பிட்டவன் போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் போட்டிருந்த கண்ணாடிதான் இன்று அவள் முகத்தில். "வேற இல்லம்மா" என்று கழுவிக் கொடுத்தார் மேஸ்திரி. காதுப் பக்கம் தம்பி சுற்றிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அவனுக்குப் பெரிய தலை. அவள் மூக்கில் அது நிற்கவில்லை.

எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்று கண்ணெதிரே பச்சை அம்பு காட்டுகிற கண்ணாடி. தலையைத் திருப்பினால் அம்பு கொஞ்சம் பிந்தித்தான் வரும். மதியத்துக்குள் நெற்றிப்பொட்டு சுடும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் குளிர் அறையை விட்டு வெளியே வந்ததும் வெக்கை பட்டு ஆவி படியும்; உலகமே வெள்ளையாகிவிடும். நின்று துடைத்தால் கண்ணாடி ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கும். சிவப்பு கூடினால் கூலி குறையும்.

போன வாரம் தம்பி துடைக்கவில்லை. எதிரே பெட்டி அடுக்கும் தூக்குவண்டியை ஓட்டி வந்தவனும் துடைக்கவில்லை. இருவர் கண்ணிலும் அம்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

இன்று அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கழற்றினாள். பிளாஸ்திரியில் அவன் முடி ஒன்று ஒட்டியிருந்தது.

முதலாளி வந்தார். "என்னம்மா, சிவப்பு எரியுது பாரு."

"துடைக்கிறேன் ஐயா."

"நடந்துகிட்டே துடையேன். புதுசுன்னா அப்படித்தான், போகப் போகப் பழகிடும்."

"பழகுறதுக்கு அவன் இருக்கணும்ல?"

"எனக்கும் வருத்தம்தான். ஆனா அம்பு சரியாத்தானே காட்டுச்சு!"

"அம்பு சரிதான். எதிர்ல வந்த வண்டியை யாரு காட்டுறது?"

பின்னால் தூக்குவண்டி நின்றது. அதே ஓட்டுநர் இறங்கி, தலை நிமிராமல் தள்ளி நின்றான். அவனைப் பார்க்கக்கூடாது என்றுதான் அவள் இத்தனை நாள் இருந்தாள். பார்த்தாள். அவன் கண்ணாடியும் வெள்ளையாக இருந்தது.

தோள்துண்டை நீட்டினாள். "இந்தா, துடை."

"அக்கா..." அவன் துண்டை வாங்கவில்லை.

"துடைடா."

உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று கழற்றினார்கள். "நிதானமாத் துடைங்கப்பா, முதலாளி மூஞ்சி தெளிவாத் தெரியணும்" என்றது ஒரு குரல்.

"எல்லாருக்கும் கூலி கட்!" முதலாளி கத்தினார்.

"துடைக்க நேரம் குடுங்க. இல்லேன்னா ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது" என்றான் ஓட்டுநர்.

கைகளிலெல்லாம் சிவப்பு மினுங்கிக்கொண்டே இருந்தது. அக்கா தெளிந்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். அம்பு அவள் தலைக்கு மேலே, தம்பியின் உயரத்துக்கு வைத்தபடியே மிதந்தது. கழற்றி மறுபடி துடைத்தாள். வாசலை விட்டு யாரும் நகரவில்லை.